ஊர்தியிலார் ஆற்றுப்படை

தமிழிலே ஆற்றுப்படை என்றொரு நூல்வகை உண்டென்பதை எமது கல்லூரியிற் கற்றார் எவரும் மறந்திரார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் அவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும் வறுமையுற்ற கலைஞர்க்கு வழி கூறுவன. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிரே பசித்து வரும் மற்றொருவனை நிறுத்தி, இவ்வழியே செல்க, இவ்வூரிலே தங்குக, இன்னவிடத்து இன்ன உணவு கிடைக்கும் என எடுத்துரைப்பதே அப்பாட்டுக்களின் அமைப்பு. வழி கேட்டு நிற்பவன் தேரேறிச் செல்பவன் அல்லன். சுற்றத்தோடு கால்நடையாகச் செல்பவன். சிறுபாணாற்றுப்படையிலே, ஆமூருக்குச் சென்றால் வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் பெறலாமென நல்லூர் நத்தத்தனார் சொல்லிவைத்திருக்கின்றார். அவ்வடியை வகுப்பிலே விளக்கும்போதெல்லாம் எமது மாணவர் நாவூறக் கண்டிருக்கின்றோம்.

ஆகவே, ஊர்தியில்லாதார் குறைந்த செலவில் ஒரு நகருக்குச் சென்று மீள்வது எங்ஙனம் என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. பிறநாட்டார்க்கும் அஃது அத்துணைப் பழையதாகவே இருந்திருத்தல் வேண்டும். 1841ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் நாள், இங்கிலாந்திலே தோமஸ் குக் என்பார் ஏறத்தாழ 500 பேரை லெஸ்ரர் நகரினின்று லவ்பரோ நகருக்கு ஒரு மதுவிலக்குக் கூட்டத்தின் பொருட்டுப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். ஆளுக்குக் கட்டணம் ஒரு சிலிங். சொந்தக் குதிரைவண்டி வைத்திருக்க வகையற்ற எளியோரே அவருடன் சென்றோரிற் பலர். இன்று உலகெங்கும் பெருந்தொழிலாக விளங்கும் உல்லாசப் பயணத்துறையின் வேர்களுள் ஒன்று, அந்த ஒரு சிலிங் பயணத்திலே உள்ளது.

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது இப்பொருளே எம் நெஞ்சில் எழுந்தது. கல்லூரியின் வரலாற்றையும் பெரியோர் பெருமையையும் எழுத வல்லார் பலர் உளர். ஆனால், இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பெரும்பாலோர் எம்மைப் போன்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தபாற்காரர்கள், சிறுகடை வைத்திருப்போர். அவர்களுள் எத்தனைபேர் தம் மனைவியரோடு, ஓர் அலுவலும் இன்றி, இரண்டு நாள் வெளியே சென்றிருப்பர்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது எம் துணிபு. சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே நாமிருவரும் அவ்வாறு சென்று வந்தோம். அப்பயணத்தை எவ்வாறு திட்டமிட்டோம் என்பதை, எதிர்ப்படும் நண்பர்க்கு உரைக்குமாப்போல ஈண்டு உரைப்பாம்.

எமது ஊர் படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் உள்ளது. கடல்கடந்து வாழும் அன்பர்தம் பிள்ளைகட்காக ஒன்று கூறுதல் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். கடலோரமாய் அமைந்து ஞாயிறு எழுவதைக் காணும் கரை எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் ஞாயிறு படும் திசையிலுள்ள கரை படுவான்கரை. இப்பெயர்களை இட்டவன் எவனோ, அவன் புலவனே. எழுவான்கரைக்குச் செல்ல எமக்கிருந்த வழி மண்முனைத்துறையிலிருந்த ‘பாதை’. பாதை என்றால் தரைவழியென்று பிறவூரார் எண்ணுவர். மட்டக்களப்பாருக்கோ பாதையென்பது மக்களையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. 2014ஆம் ஆண்டிலே யப்பான் நாட்டின் உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அப்பாதை ஓய்வுபெற்றது. இன்று பேருந்து நேரே பாலத்திலே ஏறிச் செல்கின்றது.

எம்மிடம் உள்ள ஊர்தி ஒரு துவிச்சக்கரவண்டி. அது பாடசாலைக்கும் வயலுக்கும் போதும். இருவரை நகருக்குக் கொண்டுசெல்லப் போதாது. மோட்டார் வண்டி வாங்கும் எண்ணம் எமக்கு எந்நாளும் எழுந்ததில்லை. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளின்றி நாடு முழுவதும் நீண்ட வரிசைகளில் நின்றபோது, வண்டியுடையாரும் எம்மோடு சமமாயினர். அக்காலத்திலே எமது துவிச்சக்கரவண்டியை இரவல் கேட்டு வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடுதல் முறையன்று.

மட்டக்களப்பு நகரம் எமக்கு அயலூர். ஆயினும், அதனை நாம் கண்ட விதம் வேறு. மாணவப் பருவத்திலே, தொண்ணூறுகளில், கல்லூரிக்கு அண்மையில் உறவினர் வீடொன்றிலே தங்கிப் படித்தோம். போர்க்காலம். பொழுது சாய்ந்தபின் எவரும் தெருவில் இறங்கார். வாவியிலே மீன் பாடுமென்று பாடப்புத்தகத்திலே படித்தோமேயன்றி, கேட்கப் போகலாமென்று எவரும் எம்மிடம் கூறியதில்லை. ஊருக்குச் செல்லும் நாளிலே சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டி, பாதை நிற்குமுன் துறையை அடைதல் வேண்டும். அதன்பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்துத் தொழிலேற்று, 2003இல் மணஞ்செய்து, குடும்பமானோம். அப்போதும் நகரம் என்பது கல்விப் பணிமனை, வங்கி, ஆஸ்பத்திரி, அச்சகம் என்னும் நான்குமேயாம். காலையிலே சென்று, அலுவல் முடித்து, மாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடிவருவதே வழக்கமாயிற்று. போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றன. துறை போய்ப் பாலமும் வந்தது. எமது கால்கள் மட்டும் பாதை நின்றுவிடுமென்றே ஓடிக்கொண்டிருந்தன.

மகள் பல்கலைக்கழக விடுதிக்குச் சென்றபின் வீடு வெறிச்சோடியது. ஒருநாள் இரவு, எங்கேனும் இரண்டு நாள் சென்று வருவோமா என எம் இல்லாளிடம் கேட்டோம். கொழும்பு, கண்டி, திருகோணமலை என ஊர்களை அடுக்கினோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “மட்டக்களப்புக்கே போவம். அந்தப் பட்டினத்தில நான் ராத்தங்கினது ஆஸ்பத்திரியில மட்டுந்தான்” என்றார். அவர் கூறியது உண்மை. சில ஆண்டுகளுக்கு முன் அவர்தம் அன்னையார் நோயுற்றுக் கிடந்தபோது, பதினொரு இரவுகள் கட்டிலடியிலே பாய் விரித்துத் துணையிருந்தார். அதுவே அந்நகரின் இரவை அவர் அறிந்த அறிவு. அவ்வொரு வாக்கியத்தோடு எமது பயணத்தின் இடமும் நோக்கமும் முடிவாயின. ஆதலின், திட்டமிடுவார்க்கு நாம் கூறும் முதல் விதி இது: எங்கே செல்வது என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யற்க, உடன் வருபவரைக் கேட்டு முடிவு செய்க.

அண்மையிலுள்ள நகரைத் தெரிந்ததனாற் பிறிதொரு நன்மையும் விளைந்தது. சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாள்களே உழைப்பாளிக்கு உரியவை. கொழும்புக்குச் செல்லின், போகவும் வரவும் அவற்றுட் பெரும்பகுதி பேருந்திலோ புகைவண்டியிலோ கழிந்துவிடும். மண்முனைப் பாலத்தால் நகரம் எமக்கு ஒருமணி நேரத் தொலைவினதே. வழிக்குக் கொடாத பொழுதெல்லாம் ஊருக்குக் கிடைக்கும். கொழும்பிலுள்ள அன்பர்க்கு இது பொருந்தாதெனிற் கவலற்க. 1928ஆம் ஆண்டு முதல் இருப்புப்பாதை மட்டக்களப்பிலே வந்து முடிகின்றது. நிலையத்திலே இறங்கினால், நாம் இனிக் கூறப்போகும் இடங்களெல்லாம் நடந்தும் பேருந்திலும் செல்லத்தக்கனவே.

அடுத்துக் காலம். மாரியிலே, கார்த்திகை மார்கழி மாதங்களில், எமது பகுதி வெள்ளக்காடாகும், பயணத்துக்கு ஆகாது. சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள வறட்சிக் காலமே உகந்தது. வாவியின் இசையும் அக்காலத்து நிலவு நாள்களிலேயே நன்கு கேட்குமென்பர். எனவே நாட்காட்டியைப் பார்த்து, பூரணையை அடுத்த சனிக்கிழமையாகவும், சம்பளம் எடுத்தபின் வருவதாகவும் ஒரு நாளைத் தேர்ந்தோம். நிலவும் சம்பளமும் ஒருங்கு நிறைதல் எம்போன்றார்க்கு அரிதாதலின், இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தது.

இனிப் பொருள். இருவருக்கும் இரண்டு நாளைக்குமாக 15,000 ரூபாய் ஒதுக்கினோம். அதனை ஐந்து கடித உறைகளில் இட்டோம். அறைக்கு 5,000, உணவுக்கு 4,000, வழிச்செலவுக்கு 1,500, கோயிலுக்கும் எதிர்பாராதவற்றுக்கும் 1,500. ஐந்தாவது உறையில் இட்ட 3,000 ரூபாய் எம் இல்லாளுக்கே உரியது. அதனை எதற்குச் செலவிடினும் ஏனென்று கேட்பதில்லை என்பது உடன்படிக்கை. விலைவாசி நாளை மாறும், விகிதம் மாறவேண்டுவதில்லை. சிக்கனமாகச் செல்வார் பலர் ஐந்தாவது உறையை விட்டுவிடுகின்றனர். அஃதில்லாப் பயணம் கணக்குப் பார்க்கும் அலுவலாக முடியும். ஓர் உறையில் மிஞ்சுவதை மற்றோர் உறைக்கு மாற்றலாம். ஐந்தாவதிலிருந்து மட்டும் எடுத்தலாகாது.

தங்குமிடம் தேர்வதில் ஒரே நிபந்தனையை வைத்தோம். அது புளியந்தீவிலே, பேருந்து நிலையத்துக்கு நடைதூரத்தில் இருத்தல் வேண்டும். புளியந்தீவு, வாவி சூழ்ந்த சிறு தீவு. பழைய நகரின் நெஞ்சு. அங்கே தங்குவார்க்குக் கோட்டையும் பூங்காவும் கடைத்தெருவும் காலடியில் உள்ளன. தொலைவிலே மலிவான அறை கிடைக்கும். ஆனால், மீதமாவதை முச்சக்கரவண்டிக்காரர் பெற்றுக்கொள்வர். குளிரூட்டி வேண்டுவதில்லை, மின்விசிறியும் நுளம்புவலையும் போதும். வாவியை நோக்கிய சாளரத்துக்கு மிகைப்பணம் கொடுத்தலும் வேண்டா. தெருவில் இறங்கி ஐந்து நிமிடம் எத்திசையில் நடப்பினும் வாவி வந்து எதிர்கொள்ளும். அதற்குக் கட்டணம் இல்லை.

பொதி ஒன்றே. அதுவும் ஒருவர் தோளிலே கொண்டு கல்லடிப் பாலத்தை நடந்து கடக்கத்தக்க பாரமுடையதாதல் வேண்டும் என வரையறுத்தோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

சனிக்கிழமை காலை தான்தோன்றீச்சரப் பெருமானை வணங்கிப் பேருந்துக்கு நின்றோம். அயலவர் ஒருவர் எம்மிருவரையும் பொதியையும் மாறிமாறி நோக்கி, “என்ன வாத்தியார், ரெண்டு பேருமாப் போறீங்க, ஆருக்குச் சுகமில்ல?” என்று இரக்கத்தோடு வினவினார். எவருக்கும் நோயில்லை, ஊர் பார்க்கப் போகின்றோம் என்றோம். அவர் முகத்திலே கவலை கூடிற்றேயன்றிக் குறையவில்லை. தங்குமிடத்துப் பதிவேட்டிலும் வருகையின் நோக்கம் என்றொரு நிரல் இருந்தது. அதனுள் என்ன எழுதுவதென்று ஓய்வறியாத எமது பேனா சற்றுத் தயங்கியது. “ஓய்வு” என்றே எழுதினோம். அச்சொல்லை அதற்குமுன் இளைப்பாறும் ஆசிரியர்க்குரிய படிவங்களிலன்றி எழுதியதில்லை.

பேருந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி, நாவற்குடா, கல்லடி என்னும் ஊர்களினூடே சென்றது. பல்லாண்டு சென்ற வழியே. ஆயினும், கையிலே கோப்பு இல்லாதிருந்தமையால் சாளரத்துக்கு வெளியே பார்க்க முடிந்தது. கட்டிச்சென்ற பிட்டையும் கத்தரிக்காய்ப் பாற்கறியையும் நகரிலே ஓர் அரசமர நிழலிலிருந்து உண்டோம். நாளுக்கு ஒருவேளை கட்டுச்சோறு, ஏனைய வேளை கடைச்சோறு என்பது உணவு உறைக்கு நாம் வகுத்த விதி.

முற்பகலில் நகரின் வடபாற் செல்வது நன்று. அமிர்தகழியிலே மாமாங்கேச்சரர் ஆலயமும், ஆடியமாவாசையன்று பல்லாயிரவர் ஆடும் தீர்த்தக் குளமும் உள்ளன. திருவிழா அல்லாத நாளிலே அக்குளத்தின் படிக்கட்டிலே ஆறுதலாக அமர்ந்திருக்கலாம். அப்பால் பாலமீன்மடுவிலே, வாவி கடலொடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அண்மையில், 1913ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு வெண்ணிறமாய் நிற்கின்றது. ஒருவழி பேருந்திலும் மறுவழி முச்சக்கரவண்டியிலுமாகச் சென்று வந்தோம். வெயில் ஏறியதும் அறைக்கு மீண்டு உறங்கினோம். பகலுறக்கம் பயணத்துக்கு இழுக்கென்று எண்ணுவாரும் உளர். ஊர்தியில்லாதார் நடப்பவர்; நடப்பவர் இளைப்பாறுதல் வேண்டும். ஒரு நாளில் மூன்று இடங்கட்கு மேற் பார்ப்பதில்லையென்று நாம் முன்னரே முடிவு செய்திருந்தோம்.

பிற்பகலிலே கோட்டைக்குச் சென்றோம். 1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்தக் கடற்றலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலே வந்து இறங்கியதும், 1628இல் போர்த்துக்கீசர் இக்கோட்டையைக் கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும் வரலாறு கற்றார் அறிந்தவை. இலங்கையிலே போர்த்துக்கீசர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுவே. அவ்வாண்டிலேயே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் மட்டக்களப்பிலே உடன்படிக்கை செய்துகொண்டனர். நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி இக்கோட்டைக்குள்ளேயே இயங்கியது. எனவே, எம் ஊரவர் பலர் இதனைக் கோட்டையென்று கண்டதில்லை. படிவம் கொடுக்கும் இடமென்றே கண்டனர். எம் இல்லாள் பிறப்புச் சான்றிதழுக்காக மும்முறை அங்கே வந்தவர். வாவி நீர் மோதும் அக்கொத்தளத்தை அன்றுதான் முதன்முதல் ஏறிட்டுப் பார்த்ததாகக் கூறினார்.

மாலையிலே காந்திப் பூங்காவில் வாவியை நோக்கி அமர்ந்தோம். குழந்தைகள் ஓடியாடினர், கடலைக்காரர் குரல் கொடுத்தார். ஆறு மணியாயிற்று. பேருந்து நிலையத்துத் திசையில் எம் கண்கள் தாமாகவே சென்றன. இருவரும் ஒரே கணத்தில் அதனை உணர்ந்து நகைத்தோம். இருள் கவியக் கவிய அந்நகரம் எமக்குப் புதிய ஊராயிற்று. விளக்குகள் நீரிலே நீண்டு ஆடின. இரவுணவுக்கு இடியப்பமும் நண்டுக்கறியும் உண்டோம், நத்தத்தனாரை நினைந்துகொண்டோம். உணவின்பின் எருமைத் தயிர் கேட்டோம். நல்ல தயிர். எங்கிருந்து வருவதென வினவியபோது, படுவான்கரைத் தயிரென்று கடைக்காரர் பெருமையோடு கூறினார். எமது அயலவரின் எருமை கறந்த பால், எம்மைப் போலவே பாலங்கடந்து வந்து, நகரத்து விலையைப் பெற்றுவிட்டது.

பின்னர்ப் புளியந்தீவினின்று கல்லடிப் பாலத்துக்கு நடந்தோம். இப்பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டு, அந்நாளைய தேசாதிபதி மனிங் துரையின் மனைவியார் பெயரால் லேடி மனிங் பாலமென வழங்கப்பட்டது. 2013இல் அருகே புதிய பாலம் திறந்தபின் வண்டிகளெல்லாம் அதனிடம் சென்றன. பழைய பாலம் நடப்பார்க்கும் தூண்டில் இடுவார்க்கும் உரியதாயிற்று. நூறாண்டு உழைத்த ஒன்று, முதுமையிலே ஊர்தியில்லாரின் பங்காக வந்தமை எமக்கு மகிழ்ச்சியே.

மீன்பாடும் தேன்நாடு என்று எம் நாட்டைப் பாராட்டுவர். 1848ஆம் ஆண்டிலே இங்கு வந்த எமர்சன் தெனந்து என்னும் ஆங்கில அதிகாரி, நிலவிரவிலே தோணியிற் சென்று நீரடியினின்று எழும் இன்னொலிகளைக் கேட்டு, அவற்றைத் தம் நூலிலே விரித்து எழுதினார். வலைஞர்கள் அவ்வொலியை ‘ஊரி’ என்னும் சிப்பியினத்தின் ஒலியென்று அவரிடம் கூறினர். மீனின் ஒலியென்பாரும் உளர். விபுலானந்த அடிகளோ யாழ்நூலிலே இதனை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடியுள்ளார்.

பாலத்தடியிலே தோணிக்காரர் ஒருவர் நின்றார். கூலி 2,000 ரூபாய் என்றார். நாம் வாளாவிருந்தோம். எம் இல்லாள் தம் கைப்பையினின்று ஐந்தாவது உறையை எடுத்தார். புடைவைக்கெனச் செலவிடுவார் என்றே நாம் கருதியிருந்தோம். தோணி நடுவாவியை அடைந்ததும், தோணிக்காரர் வலிப்பதை நிறுத்தி, துடுப்பின் ஓரந்தத்தை நீரிலே ஆழ்த்தி, மறுஅந்தத்திலே காதை வைக்கும்படி கூறினார். எம் இல்லாள் முதலிலே வைத்தார். நெடுநேரம் அசையவில்லை. “கேக்குதுங்க” என்றார். அடுத்து நாமும் வைத்தோம். எங்கோ ஆழத்திலே தந்தியொன்று மெல்ல அதிர்வது போன்ற ஓரொலி எம் செவிக்கு எட்டியது. அது மீனோ, ஊரியோ, துடுப்பு மரத்தின் அதிர்வோ, யாமறியோம்.

பாலத்தின் வழியே அறைக்கு மீளும்போது, அவர் நடுவிலே நின்று நகரத்து விளக்குகளை நோக்கினார். “அம்மாவோட கிடந்த பதினொரு ராவும், வராந்தாவில நிண்டு இந்த வெளிச்சத்தத்தான் பாத்தன். அங்க ஆரு நடந்து திரியிறாங்களோ எண்டு நெனச்சன். இண்டைக்கு நாம நடக்கிறம்” என்றார். அதற்கு விடையாக எமக்கொன்றும் தோன்றவில்லை. பொதியில்லாத கையால் அவர் கையைப் பற்றிக்கொண்டு நடந்தோம். நாற்பது வயதைக் கடந்த தமிழாசிரியர் தெருவிலே இவ்வாறு செய்தல் தகுமோவென்று வினவுவார்க்கு, அப்போது நேரம் இரவு ஒன்பதரை என்றும், மாணவர் எவரும் எதிர்ப்படவில்லை என்றும் தெரிவித்துக்கொள்கின்றோம்.

ஞாயிறு விடியுமுன் பொதியைத் தோளிலிட்டு அறையை விட்டோம். கல்லடி எம் ஊருக்குச் செல்லும் வழியிலேயே உள்ளது. எனவே, காலையிலே பாலத்தை நடந்து கடந்து கல்லடியைக் கண்டு, அங்கிருந்தே பேருந்தேறினால், திரும்பவும் நகருக்கு வரும் செலவும் நேரமும் மீதமாகும். பொதியின் பாரத்துக்கு வரம்பிட்ட காரணம் இதுவே. வழியிலே பிளேன்ரீ அருந்திக் கடற்கரையை அடைந்தபோது ஞாயிறு கடலினின்று எழுந்தது. படுவான்கரையார்க்கு அது வாவிக்கு அப்பால், தென்னைகளின் மேலே தோன்றுவது. கடலிலே முழுகி எழக் காண்பது அரிது. அவ்விடத்தே கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்து நிற்கின்றது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அதனைச் சாய்த்தது. அருகிலுள்ள நாவலடியிலே மாண்டோர் மிகப்பலர். அங்கே படமெடுப்பார் பலர். நாம் வணங்கிச் சற்றுநேரம் நின்று மீண்டோம்.

இறுதியாக, கல்லடி உப்போடையிலுள்ள விபுலானந்த அடிகளின் சமாதிக்குச் சென்றோம். 1892இல் காரைதீவிலே தோன்றி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகி, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரும் ஆகி, 1947ஆம் ஆண்டு யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களிலே மறைந்த அப்பெருமகனார், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலிலே துயில்கின்றார். அவரைப்பற்றி ஆண்டுதோறும் வகுப்பிலே பேசும் நாம், அவர் பாதத்தருகே அவசரமின்றி அமர்ந்தது அன்றே. பத்து மணிப் பேருந்திலேறி, மதிய உணவுக்கு முன் வீடடைந்தோம். களைப்பு மேலிடுமுன் மீள்வதும் ஒரு விதி. திங்கட்கிழமை பாடசாலை உண்டு.

கணக்கை முடித்தபோது, முதல் நான்கு உறைகளிலுமாக 640 ரூபாய் எஞ்சியது. ஐந்தாவதில் 1,000 ரூபாய் இருந்தது. அதனை எம் இல்லாள் திருப்பித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. அவ்வுறையின்மேல் “திருகோணமலை” என்று எழுதப்பட்டிருப்பதைச் சிலநாள் கழித்துக் கண்டோம்.

அன்பர்களே, பொருளுடையார் வாடகை வண்டியிலே ஒரு காலைப்பொழுதில் மட்டக்களப்பு முழுவதையும் பார்த்து முடிப்பர். அவர்மீது எமக்குப் பொறாமையில்லை. அவர்க்குக் கிட்டாத ஒன்று நடப்பார்க்குக் கிட்டுகின்றது: பக்கத்திலே நடப்பவரின் சொல் காதில் விழுகின்றது. வெளிநாட்டினின்று விழாவுக்கு வரும் பழைய மாணவர்களும், விழா முடிந்தபின் ஒரு மாலை வண்டியைத் திருப்பியனுப்பிவிட்டுத் துணைவியாரோடு பழைய கல்லடிப் பாலத்திலே நடந்து பார்ப்பாராக. உள்ளூரிலே இருப்போர், ஊர்தி வாங்கியபின் செல்வோம், மகளுக்கு மணமானபின் செல்வோம், இளைப்பாறியபின் செல்வோம் என்று நாள் கடத்தாதிருப்பாராக. பாதை நின்றுவிடுமென்று ஓடிய காலம் போயிற்று. இனி ஓர் இரவு தங்கலாம்.

எம்மை ஆளாக்கிய கல்லூரியன்னை நீடு வாழ்க.